மாறாத ஒரு வரி

எங்கள் சோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் முகமூடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவன் நான். செருப்புக் கடையில் பில் போடும்போது "மேடம், ஃபோன் நம்பர்?" என்று கேட்டால் போதும், அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "செருப்பு காலுக்குத்தானே? காதுக்கா வாங்கறேன்?" என்பாள். கடைப் பெண் திருதிருவென்று விழிக்கும். பக்கத்தில் நிற்கிற நான் நெளிவேன். இருபத்திரண்டு வருடம் ஒரு செல்ஃபோன் கம்பெனியின் சம்பளத்தில் வாழ்ந்த மனுஷி, தன் நம்பரை எட்டுப் பேருக்கு மேல் கொடுத்ததில்லை.

அவள் வேலையே அப்படி. செல்ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் ஊர் சுற்றும்போது, வழியில் இருக்கிற டவர் ஒவ்வொன்றும் அதைப் பார்த்து "யார் நீ?" என்று கேட்கலாம். சிம் கார்டுக்குள் ஒரு நிரந்தர எண் உண்டு. நாம் பேசுகிற நம்பர் இல்லை, இது வேறு. முன்னெல்லாம் கேட்டவுடன் ஃபோன் அந்த எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும். கேட்டது நிஜ டவரா, எவனோ காருக்குள் வைத்துக்கொண்டு திரிகிற பெட்டியா என்று அதற்குத் தெரியாது. இப்போது கேட்ட அந்த நிமிடமே ஃபோன் தன் எண்ணைப் பூட்டி, புதிதாக ஒரு வேஷ எண்ணை உண்டாக்கி நீட்டுகிறது. மறுபடி கேட்டால் மறுபடி புது வேஷம். பூட்டைத் திறக்கிற சாவி கம்பெனியிடம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஃபோனும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வேஷம் மாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. அதில் ஒரு கார்டு சறுக்கினாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. புதுக் கட்டு கார்டு வரும்போதெல்லாம் முதலில் பத்து மாதிரி கார்டு எழுதுவோம். அவற்றுக்கு வேஷம் கிடையாது. எண் பச்சையாக வெளியே வந்தால்தான் சோதனை மேஜையில் இருப்பவனுக்கு எது எந்தக் கார்டு என்று தெரியும். வேலை முடிந்ததும் பத்தையும் ஒருவர் கத்தரிக்கோலால் துண்டாக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மேஜையில் வெட்டுவது அக்கா, கையெழுத்து நான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குத்தான் ஒரு பிள்ளை இருக்கே" என்று தங்கையின் படத்தைக் காட்டுவாள். இருவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். அம்மா போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது எல்லாம் அக்காதான். அந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவள்தான். வெளியே எங்கும் தேடவில்லை. எங்கள் கூடத்திலேயே மூன்றாவது மேஜையில் வேலை செய்த ஒரு பையன், அதிர்ந்து பேசாதவன், சட்டை மடிப்புக் கலையாதவன். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நாங்களும் அவனை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டோம்.

அதிர்ந்து பேசாதவன் வீட்டில் கையை நீட்டுவான் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் அவனோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல். ஒரு நாள் தங்கை கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். துண்டை எடுத்தபோது அக்கா கத்தவில்லை, அழவில்லை. நேராகப் போய்க் கதவைத் தாழிட்டாள். அப்புறம் கோர்ட், விவாகரத்து, பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு. அவன் வேலையை விட்டுப் போய், டவர்களுக்குப் பழுது பார்க்கிற ஒரு குத்தகைக்காரரிடம் சேர்ந்துகொண்டான் என்று காதில் விழுந்தது. தங்கை ஊரின் இன்னொரு கோடியில் அறை பார்த்துக்கொண்டு, திரைச்சீலை தைக்கிற ஒரு கூடத்தில் வேலைக்குப் போனாள். அந்த விலாசம் அக்காவுக்கு மட்டும் தெரியும். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, புகார்ப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒரே வட்டாரத்தில் பதினான்கு பேரின் ஃபோன்கள் திடீர் திடீரென்று சிக்னல் செத்து, அரை நிமிடத்தில் உயிர் பிடிக்கின்றனவாம். அக்கா அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, இது டவர் கோளாறு இல்ல. எவனோ போலி டவர் வச்சிருக்கான். வண்டிய எடுக்கச் சொல்லு."

எங்கள் சோதனை வேன் பார்ப்பதற்குப் பார்சல் வண்டி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, காற்றில் நடக்கிற பேச்சைக் கேட்கிற கருவி, ஒரு திரை. டிரைவர் அண்ணனுக்கு இதில் எதுவும் புரியாது. "நீங்க என்னமோ பண்ணுங்க, ஏசிய மட்டும் அணைக்காதீங்க" என்பார். பதினொரு மணிக்கு அந்த வட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இரும்புச் சாமான் கடைகள், ஒரு பல் ஆஸ்பத்திரி, மாடியில் சின்னச் சின்னப் பட்டறைகள் என்று நெருக்கமான தெரு. அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

கருவியைப் போட்டதும் ஆசாமி அகப்பட்டான். எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு டவர், இருநூறு மீட்டருக்குள் எங்கேயோ இருந்துகொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு ஃபோனையும் "யார் நீ, யார் நீ" என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. ஃபோன்கள் சொன்ன பதில்கள் திரையில் வரிவரியாக ஓடின. எல்லாம் தலைகால் புரியாத எழுத்துக்கூட்டம். அதே ஃபோனை மறுபடி கேட்டால் வேறு எழுத்துக்கூட்டம். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாரு தம்பி, பாரு! கேக்கட்டும், ஆயிரம் தடவ கேக்கட்டும். ஆயிரம் வேஷம் போடும் எம்புள்ளைங்க. இவன் தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போகவேண்டியதுதான்."

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன். நடுவில் ஒரே ஒரு வரி மாறாமல் நின்றது. பதினைந்து இலக்கம், பச்சையான எண். போலி டவர் மறுபடி கேட்டது. மறுபடி அதே எண். இன்னொரு தடவை. அதே எண்.

முதல் ஐந்து இலக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதிரி கார்டுகளுக்கு மட்டும் நாங்கள் போடுகிற தலைப்பு அது.

"எந்த மடையன்க்கா இவன்? நம்ம கூடத்துக் கார்டப் போட்டுக்கிட்டுத் தெருவுல சுத்தறான்! ஊரே முகமூடி போட்டுக்கிட்டு நடக்குது, இவன் ஒருத்தன் மட்டும் மூஞ்சியக் காட்டிக்கிட்டு... யாருன்னு தெரியட்டும், நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

திரும்பிப் பார்த்தேன். அக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கை தட்டிய நிலையிலேயே இரண்டு உள்ளங்கையும் ஒட்டியிருந்தன.

"தம்பி," என்றாள். "அது என் தங்கச்சி."

எனக்கு முதலில் புரியவில்லை. அக்கா சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. புதுக் கார்டு வாங்க வேண்டுமென்றால் கடையில் அடையாளச் சீட்டு, விலாசம் எல்லாம் கொடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். அதனால் யார் பெயரிலும் இல்லாத கார்டாகப் பார்த்து, வெட்ட வேண்டிய பத்தில் ஒன்றை அக்கா எடுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று கொடுத்தது, எட்டு மாதமாகிவிட்டது.

"அக்கா, அதுல வேஷம் கெடையாதே! உனக்குத் தெரியாதா? நீதானே ரூல் எழுதின?"

"பேப்பர்ல பேரு இருக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் யோசிச்சேன் தம்பி. காத்துல இருக்கறத மறந்துட்டேன்."

மறந்துவிட்டாளாம்! தெருத் தெருவாக எல்லார் ஃபோனுக்கும் முகமூடி மாட்டியவள், பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளை வெறும் முகத்தோடு அனுப்பியிருக்கிறாள். கத்த வாயெடுத்தேன். அப்போது இன்னொன்று உறைத்தது. அந்தப் பதிவேட்டில் பத்து கார்டும் வெட்டப்பட்டதைக் கண்ணால் கண்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்கு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே போட்டேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா புகார்த் தாளைப் பிடுங்கித் தேதிகளைப் பார்த்தாள். முதல் புகார்கள் பஸ் நிலையத்துப் பக்கம். அடுத்த மாதம் மார்க்கெட். அதற்கடுத்து பல் ஆஸ்பத்திரி. இந்த வாரம் இந்தத் தெரு. வலையை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான். மாதிரி கார்டின் தலைப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்தவன், அதில் வேஷம் கிடையாது என்றும் தெரிந்தவன், எங்கள் மூன்றாவது மேஜையில் ஆறு வருடம் உட்கார்ந்தவன்.

தங்கைக்கு ஃபோன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. போலி டவர் பிடித்து வைத்திருக்கும்போது வேறென்ன சொல்லும்? அக்கா வேன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். ஐம்பது வயதை நெருங்குகிற அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அறுபது அடி தள்ளி, பெயின்ட் கடைக்கு மேல் இரண்டாவது மாடி. நான் படியேறி மூச்சு வாங்க நின்றபோது, எட்டு தையல் மிஷின்களுக்கு நடுவே அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபோனக் குடுடி."

"என்னக்கா? நீ எப்படி இந்நேரத்துல..."

"அவன் கீழ இருக்கான்."

தங்கையின் கை மிஷின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "எப்படிக்கா? யாருக்கும் தெரியாதே. எப்படி கண்டுபுடிச்சான்?"

"என்னாலடி. நான் குடுத்த கார்டால."

தங்கை ஃபோனை நீட்டினாள். அக்கா ஓர் ஊசியால் கார்டைக் குத்தி எடுத்தாள். உடைத்துப் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தன் ஃபோனைத் திறந்து, அதில் அந்தக் கார்டைப் போட்டாள்.

"அக்கா, என்ன பண்ற?"

"இத ஒடச்சா இன்னைக்குத் தப்பிச்சிடுவா தம்பி. நாளைக்கு? வாசல் வரைக்கும் வந்தவனுக்கு மாடி ஏறத் தெரியாதா? இந்த எண்ணு எங்க போனாலும் அவன் பின்னால வருவான். வரட்டும். நான் பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷன் போறேன். நம்ம வேன் அவனுக்குத் தெரியும், நீங்க தள்ளியே வாங்க."

தையல் கூடத்து முதலாளியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களை வெளியே விட்டு, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.

அக்கா தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின் சந்து வழியாக நிறுத்தத்துக்குப் போய் பஸ் ஏறினாள். நாங்கள் வேனில் ஒரு தெரு தள்ளிப் பின்தொடர்ந்தோம். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷி சொல்வது நடக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். பஸ் நகர்ந்தது. போலி டவரும் நகர்ந்தது. பஸ் சிக்னலில் நின்றது. அதுவும் நின்றது. இத்தனை வருடம் திரையில் வரிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெண் நடப்பதையும் அவளுக்குப் பின்னால் ஒருவன் வருவதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, அந்தச் சாம்பல் கலர் காரு," என்றார் டிரைவர் அண்ணன். "பின்சீட்டுல போர்வையப் போட்டு எதையோ மூடி வச்சிருக்கான். பஸ்ஸ விடமாட்டேங்கறான்."

காவல் நிலையத்து நிறுத்தத்தில் அக்கா இறங்கினாள். கார் எதிர்ப்பக்கம், மரத்தடியில் ஓரம் கட்டியது. நான் நிலையத்துக்குள் ஓடினேன். மேஜையில் இருந்த ஏட்டிடம் போலி டவர், பெட்டி, கார்டு என்று உளறிக்கொட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பொறுமையா உக்காந்து சொல்லுங்க சார்" என்றார். கோர்ட் உத்தரவு என்றதும்தான் தொப்பியை எடுத்தார். நாங்கள் வெளியே வந்தபோது அக்கா நிறுத்தத்தில் இல்லை. தெருவைத் தாண்டிப் போய் அந்தக் கார்க் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி இறங்கியது. மாப்பிள்ளைதான். சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. அக்காவைப் பார்த்து ஒரு கணம் திகைத்தான், அப்புறம் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நீங்களாக்கா? அப்பவே நெனச்சேன். மாசக்கணக்கா ஊரெல்லாம் சுத்தினேன், எல்லா ஃபோனும் முகத்த மூடிக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் நம்ம மாதிரி கார்டு. வெளிய ஒரு பொண்ணுகிட்ட நம்ம கார்டு இருந்தா, அது யாரு குடுத்ததா இருக்கும்? உங்களுக்குத்தான்க்கா நன்றி சொல்லணும்."

அக்கா அவனை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏட்டும் இன்னும் இருவரும் அவனை இறக்கினார்கள். போர்வைக்கு அடியில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கூடத்திலிருந்து பழசு என்று கழித்துப்போட்ட பெட்டி அது. ஓரத்தில் என் கையெழுத்தில் மேஜை எண் எழுதியிருந்தது.

அவனுடைய கணினியை இன்ஸ்பெக்டர் அம்மா திறந்து பார்த்தார். சாயங்காலம் தங்கையை வரவழைத்து, உட்கார வைத்து, படித்துக் காட்டினார். எண்பத்து மூன்று நாள் பட்டியல். காலை எட்டு ஐம்பது, பஸ் நிலையம். ஒன்றேகால், பல் ஆஸ்பத்திரி, நாற்பது நிமிடம்.

"அன்னைக்குத்தான் பல்லு புடுங்கினேன்," என்றாள் தங்கை. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், பதினொன்று முதல் ஐந்து வரை, அக்கா வீடு என்று எழுதியிருந்தது. அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகப் படம் பார்த்த ஞாயிறுகள். கடைசி வரியை இன்ஸ்பெக்டர் அம்மா படிக்கவில்லை, திரையைத் திருப்பிக் காட்டினார். 'புதன், மாலை 6.45, பின் சந்து, தனியாக வருகிறாள்.' அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். மறுநாள் புதன்கிழமை. அக்கா எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாள் மேலாளரிடம் போய், கார்டை எடுத்ததும் கொடுத்ததும் தான்தான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். "கையெழுத்துப் போட்டவன் பாக்காம போட்டான். பாக்க விடாம மறைச்சவ நான்" என்றும் எழுதினாள். அவள் மறைக்கவில்லை, நான்தான் பார்க்கவில்லை. அதை நானும் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அக்காவைச் சோதனைக் கூடத்திலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் போட்டார்கள். அவன் சிறையில் இருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்துத் தங்கை ஊரை விட்டுக் கிளம்பினாள். வழியனுப்ப நானும் பஸ் நிலையம் போனேன். ஒரு பெட்டி, ஒரு தையல் மிஷின், அவ்வளவுதான். அக்கா ஒரு புது ஃபோனை நீட்டினாள்.

"இது ஒழுங்கான கார்டு. மூணு நாளு உக்காந்து சோதிச்சேன். நூறு தடவ கேட்டேன், நூறு தடவையும் வேற வேற வேஷம். சத்தியமா இது பத்திரம்டி."

தங்கை அதை வாங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது எனக்கு.

"நீ நல்லதுக்குத்தான் குடுத்தன்னு எனக்குத் தெரியும்க்கா. நீ என்னைக்குமே எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்க. அவனக் கட்டிவச்சதுகூட நல்லதுன்னு நெனச்சுத்தான். இனிமே நான் எங்க இருக்கேன்னு உனக்கும் தெரிய வேணாம்."

"அப்ப நான் உங்கூட எப்படிடி பேசறது?" என்றாள் அக்கா.

"நானே கூப்பிடறேன்."

பஸ்ஸின் பலகையில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூடாது என்பதற்காக அக்கா திரும்பி நின்றுகொண்டாள். நான் பார்த்தேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் ஆயிற்று. தங்கை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள், மூன்று தடவையும் வேறு வேறு நம்பரிலிருந்து. மூன்றாவது தடவை நான் கோப்பு அறையில் அக்காவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனை எடுத்ததும் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் வண்டிகளின் இரைச்சல் எனக்கே கேட்டது, யாரோ ஏதோ ஊர் பெயரைக் கூவினார்கள். அக்கா சட்டென்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, அந்தக் கூவல் ஓய்கிற வரை காத்திருந்தாள். அப்புறம் மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"எங்க..." என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.